உறவின் எல்லையும் உதவியின் ஒழுங்கும்

மாந்தர் ஒருவரோடொருவர் கொள்ளும் தொடர்பை ஆயும் அறிவுத்துறை குமுக உளவியல் எனப்படும். தனியொருவரின் உள்ளத்தில் நிகழ்வனவற்றோடு நில்லாமல், பிறர் அருகிருத்தலாலும் பிறர் பார்ப்பதாக எண்ணுதலாலும் அவ்வுள்ளமும் நடத்தையும் எவ்வாறு மாறுகின்றன என்பதை அளந்தும் ஒப்பிட்டும் காண்பது அதன் பணி. அத்துறையின் நடுவே இரு வினாக்கள் நிற்கின்றன. ஒருவர் துன்புறுங்கால் மற்றவர் கைகொடுப்பதும் வாளா நிற்பதும் எதனால் என்பது ஒன்று. ஒருவர் மற்றவரைத் தாக்குவது எதனால் என்பது மற்றொன்று. இவை தொடர்பற்ற இரு வினாக்களாகத் தோன்றினும், உறவு எதுவரை விரிகிறது, பொறுப்பு எவ்வாறு பகுக்கப்படுகிறது என்னும் ஒரே அடிப்படையிலிருந்து இரண்டுக்கும் விடை கிடைக்கிறது. அதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். இத்துறையின் கருத்துகள் அனைத்தையும் தமிழ் தன் சொல்லாலேயே தாங்கும். ஆதலின் கலைச்சொல் ஒவ்வொன்றும் இங்கு வரையறையோடு வைக்கப்படுகிறது.

இவ்வாய்வுக்குரிய களம் வடசென்னைக் கடற்கரை. 1856இல் தென்னாட்டின் முதல் தொடர்வண்டி புறப்பட்ட இராயபுரம், மீன்பிடித் துறைமுகமாகிய காசிமேடு, தொன்மை வாய்ந்த திருவொற்றியூர், எண்ணெய் ஆலை 1969இல் இயங்கத் தொடங்கிய மணலி, 2001இல் காமராசர் துறைமுகம் திறக்கப்பட்ட எண்ணூர் ஆகியவை ஒரு நெடுங்கோடாக அமைந்த பகுதி இது. மீனவர், சுமை தூக்குவோர், ஆலைத் தொழிலாளர், மீன் விற்கும் பெண்டிர், வெளியூர்களிலிருந்து பிழைப்புக்காக வந்தோர் எனப் பலரும் நெருங்கி வாழும் இப்பகுதியைத் திரைப்படங்களும் செய்திகளும் வன்முறையின் விளைநிலமாகவே பலகாலம் காட்டி வந்துள்ளன. மண்ணுக்கோ குருதிக்கோ வன்முறை உரியது என்னும் அக்கூற்றை அறிவியல் ஏற்பதில்லை. பேரிடர்களின்போது கேளாமலே ஓடிவந்து உதவியதும் இதே கடற்கரைதான். ஆகவே மாந்தரின் பிறப்பை விட்டு அவர்கள் நிற்கும் சூழலை ஆய்தல் வேண்டும்.

வரையறையும் வகைப்பாடும்

உறவு என்பது ஒருவரின் நலமும் தீங்கும் மற்றவரின் எண்ணத்திலும் செயலிலும் தொடர்ந்து இடம்பெறும் நிலை. பிறருக்கு நன்மை விளையும்படி ஒருவர் தாமே முன்வந்து செய்யும் செயல் உதவுநடத்தை. பிறருக்கோ தமக்கோ ஒரு குழுவுக்கோ காயம், இறப்பு, உளத்துன்பம், இழப்பு ஆகியவற்றை விளைக்கும்படி ஆற்றலை வேண்டுமென்றே செலுத்துதல் வன்முறை. உலக நலவாழ்வு நிறுவனம் 2002இல் வெளியிட்ட அறிக்கை வன்முறையைத் தன்மேற் செலுத்துவது, மாந்தர்க்கிடையே நிகழ்வது, கூட்டாகச் செய்யப்படுவது என மூன்றாகப் பகுத்தது.

உதவுநடத்தையும் அதன் உந்துதல் நோக்கி மூவகைப்படும். முதலாவது குருதியுறவு உதவி. நெருங்கிய உறவினரைக் காத்தல் தம் மரபுக்கூறுகளையே காத்தலாகும் என்பதை 1964இல் வில்லியம் ஆமில்டன் கணக்கியல் முறையில் விளக்கினார். இரண்டாவது கைம்மாற்று உதவி. இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு என்னும் எதிர்பார்ப்பு உறவல்லாதாரிடையேயும் உதவியை நிலைநிறுத்தும் என்பதை 1971இல் இராபர்ட்டு திரிவர்சு காட்டினார். மூன்றாவது ஒத்துணர்வு உதவி. பிறர் துன்பத்தை அவர் நிலையில் நின்று உணர்வோர், தப்பிச் செல்ல எளிய வழி இருந்தும் செல்லாமல் உதவுவர் என்பதைத் தானியேல் பேட்சன் பல செய்முறை ஆய்வுகளால் வலியுறுத்தினார். நடைமுறை வாழ்வில் இம்மூன்றும் பின்னியே வருகின்றன. கடலில் பொறி பழுதாகி நிற்கும் படகை இழுத்து வரும் மற்றொரு படகினரிடம் உறவும், கைம்மாறும், இரக்கமும் பிரித்தறிய இயலாதவாறு கலந்துள்ளன.

தாக்குதலும் அதன் உந்துதல் நோக்கி இருவகைப்படும். சினத்தால் எழுந்து, துன்புறுத்துவதையே முடிவாகக் கொள்வது பகைத் தாக்கு. பணம், நிலம், அதிகாரம் போன்ற வேறொரு முடிவுக்கு வழியாகக் கையாளப்படுவது கருவித் தாக்கு. தெருச் சண்டை முன்னதற்கும் கூலிப்படைக் கொலை பின்னதற்கும் எடுத்துக்காட்டு. முன்னதைத் தணிக்கும் வழி பின்னதைத் தணிக்காது. சினமற்றவனிடம் சினம் ஆற்றும் அறிவுரை பயன்படுவதில்லை. இப்பாகுபாட்டை உணராமல் இரண்டையும் ஒரு பெயரால் அழைப்பதால்தான், ஒரு பகுதி முழுவதும் சினம் மிக்கோர் வாழிடம் என்னும் பிழையான முடிவு எழுகிறது.

உதவி பிறக்கும் ஐந்து படிகள்

உதவ வேண்டும் என்னும் நல்லெண்ணம் மட்டும் உதவியாகிவிடாது. 1960களின் பிற்பகுதியில் பிப் இலட்டானே, சான் தார்லி என்னும் இரு அமெரிக்க உளவியலார், எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையே ஐந்து படிகள் உள்ளன என்று கண்டனர். நிகழ்வைக் கவனித்தல், அதனை இடர் என்று உணர்தல், பொறுப்பைத் தம்மேல் ஏற்றல், செய்யும் வழியை அறிதல், செய்யத் துணிதல் ஆகியன அவை. எந்தப் படியில் கால் தடுக்கினும் உதவி நிகழாது.

இவற்றுள் இரண்டாம் படியின் அருமையை அவர்களது புகை ஆய்வு புலப்படுத்துகிறது. ஓர் அறையில் வினாத்தாளை நிரப்பிக்கொண்டிருந்தோர்மேல் சுவர்த் துளை வழியே புகை செலுத்தப்பட்டது. தனித்திருந்தோருள் 75 விழுக்காட்டினர் எழுந்து சென்று அறிவித்தனர். ஆய்வாளரின் ஏற்பாட்டின்படி ஒன்றும் நேராதது போல் அமர்ந்திருந்த இருவரோடு இருந்தோருள் 10 விழுக்காட்டினரே அறிவித்தனர். ஒவ்வொருவரும் ஐயுற்று மற்றவர் முகத்தைப் பார்க்க, மற்றவரும் அமைதியாகவே இருக்க, இடரில்லை என்று அனைவரும் ஒருங்கே தவறாக முடிவு செய்யும் இந்நிலையைக் கூட்டுமயக்கம் எனலாம்.

மணலி, எண்ணூர் மக்களுக்கு இவ்வாய்வு தொலைவிலுள்ள செய்தியன்று. ஆலைகளின் நெடி நாள்தோறும் வீசும் இடத்தில், எந்த நெடி வழக்கமானது, எந்த நெடி உயிருக்கு இடரானது என்று பிரித்தறிதலே முதற் சிக்கலாகிறது. 2023 திசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் கடற்பகுதியில் ஓர் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. மூச்சுத் திணறலும் கண்ணெரிச்சலும் உற்ற பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். உறங்கும் ஊரில் இடரை இடரென்று உரக்க அறிவிக்கும் முதற் குரலுக்கு எத்துணை மதிப்புண்டு என்பதைப் புகை ஆய்வின் எண்கள் உணர்த்தும். கூட்டுமயக்கத்தைக் கலைக்க ஒருவர் எழுந்தால் போதும். அவ்வொருவர் எழும் வாய்ப்பை உயர்த்துவதே எச்சரிக்கை அமைப்புகளின் வேலை.

மூன்றாம் படியில் வேறொரு தடை நிற்கிறது. 1968இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், ஒலித்தொடர்புக் கருவி வழியே உரையாடிக்கொண்டிருந்த ஒருவர் வலிப்புற்றவர் போல் கதறினார். தாம் மட்டுமே அதைக் கேட்டதாக எண்ணியோருள் 85 விழுக்காட்டினர் உதவ எழுந்தனர். வேறொருவரும் கேட்டதாக எண்ணியோருள் 62 விழுக்காட்டினரும், மேலும் நால்வர் கேட்டதாக எண்ணியோருள் 31 விழுக்காட்டினருமே எழுந்தனர். பொறுப்பு பலர்மேல் பரவப் பரவ ஒவ்வொருவர்மேலும் விழும் பங்கு மெலிகிறது. இதனைப் பொறுப்புச் சிதறல் என்றும், அதனால் விளையும் செயலின்மையை அருகிருப்போர் தயக்கம் என்றும் வழங்கலாம். அத்தயக்கமுற்றோர் இரக்கமற்றவர் அல்லர். கை நடுங்க, உள்ளங்கை வியர்க்க, என்ன செய்வதென்றறியாமல் அவர்கள் இருந்ததை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர்.

விரைவும் ஒரு தடையே. 1973இல் பிரின்சிட்டன் நகரில் இறையியல் பயிலும் மாணவர்கள், உரையாற்றுவதற்காக ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பப்பட்டனர். வழியில் ஒருவர் இருமி முனகிச் சாய்ந்து கிடந்தார். காலமிருந்தோருள் 63 விழுக்காட்டினர் நின்று உதவினர். மிக விரைந்தோருள் 10 விழுக்காட்டினரே நின்றனர். உரையின் பொருள் வழிப்போக்கனுக்கு உதவிய நல்லவன் கதையாக இருந்தமைகூடப் பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. கொள்கலச் சுமையுந்துகள் நெடுந்தொலைவு வரிசையாய் நிற்கும் எண்ணூர் நெடுஞ்சாலையில், நேர்ச்சியில் வீழ்ந்தவரைக் கடந்து செல்வோர் அனைவரையும் கன்னெஞ்சர் என்று பழிப்பது எளிது. அவர்களை விரட்டும் கடிகாரத்தையும் கணக்கில் சேர்ப்பதே அறிவியலின் முறை.

இவ்வாய்வுகளைக் கேட்டோர், கூட்டம் என்றாலே உதவாது என்று பல்லாண்டு நம்பினர். 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு அந்நம்பிக்கையைத் திருத்தியது. ஆம்சுட்டர்டாம், இலங்காசுட்டர், கேப்பு டவுன் ஆகிய மூன்று நகர்களின் காவல் ஒளிப்படக் கருவிகள் பதிந்த 219 தெருச் சண்டைகளை ஆய்ந்தபோது, பத்தில் ஒன்பது நிகழ்வுகளில் அருகிருந்தோருள் ஒருவரேனும் இடைபுகுந்து விலக்கியிருந்தார். கூட்டம் பெருகப் பெருக, யாரேனும் ஒருவர் முன்வரும் வாய்ப்பும் பெருகியது. இரு முடிவுகளும் முரணல்ல. கூட்டத்தில் ஒவ்வொருவரும் முன்வரும் வாய்ப்பு குறையலாம். ஆயினும் பலர் இருப்பதால், கூட்டம் முழுவதிலும் ஒருவரும் முன்வராத வாய்ப்பும் குறைகிறது. கண்முன் நிகழும் சண்டை ஐயத்துக்கு இடமில்லாத இடராதலின் கூட்டுமயக்கமும் அங்கு வலிவிழக்கிறது.

தொழில் நெய்த உறவு

பொறுப்புச் சிதறலை வெல்லும் வழிகளுள் தலையாயது, பொறுப்பை முன்கூட்டியே பகுத்து வைத்தல். கடல்தொழில் அதைத் தன் இயல்பாலேயே செய்து வந்துள்ளது. கரைவலையைத் தனியொருவர் இழுக்க இயலாது. விசைப்படகில் ஓட்டுநருக்கும் வலைஞருக்கும் தனித்தனி வேலை உண்டு. ஒருவர் தவறினால் அனைவரும் மூழ்க நேரும். வருவாயும் செலவு நீக்கிப் படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு எனப் பங்காகவே பிரிகிறது. இத்தகைய தொழில் அதைச் செய்வாரின் உள்ளத்தையும் மாற்றுமா என்பதைப் பிரேசில் நாட்டின் வடகிழக்கில் ஊரி நீசி முதலிய ஆய்வாளர் அளந்தனர். கடலில் கூட்டாக மீன்பிடிக்கும் ஊராரையும் ஏரியில் தனித்தனியாக மீன்பிடிக்கும் ஊராரையும் ஒரே வகைப் பண ஆட்டங்களில் ஈடுபடுத்தியபோது, கடல் மீனவர் பொதுப் பங்குக்கு மிகுதியாக அளித்தனர். ஒத்துழைத்தலைப் பழக்கமாக்கும் வேலை, வேலைக்கு வெளியேயும் ஒத்துழைப்பாரை உருவாக்குகிறது.

2015 திசம்பரின் தொடக்கத்தில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது இவ்வுண்மை கண்கூடானது. கடற்கரை மீனவர் தம் படகுகளைச் சுமையுந்துகளில் ஏற்றி, தாம் முன்பின் அறியாத நகர்ப்பகுதிகளுக்குச் சென்று, மாடிகளில் தவித்தோரை மீட்டனர். ஐந்து படிகளும் அங்கு ஒருங்கே நிறைவுற்றதைக் காணலாம். நீரின் போக்கை அறிந்தோர் ஆதலின் இடரை உடனே உணர்ந்தனர். படகு தம்மிடமே இருந்தமையால் பொறுப்பு சிதறவில்லை. செலுத்தும் திறன் கையிலிருந்தது. குழுவாக இயங்கும் பழக்கம் துணிவைத் தந்தது. நகரின் பிறருக்கு இரக்கம் குறைவென்று இதற்குப் பொருளில்லை. மற்றவர்க்கு நான்காம் படியில் இருந்த தடை மீனவர்க்கு இல்லாமற் போனது.

2017 சனவரி 28 விடியற்காலை, காமராசர் துறைமுகத்துக்கு அப்பால் பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்னும் இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த கரிய எண்ணெய் எர்ணாவூர், திருவொற்றியூர் கரைகளில் கெட்டியாகப் படிந்து, தெற்கே நெடுந்தொலைவு பரவியது. அலைகளோடு மோதிக் கற்களிடையே தேங்கிய அக்குழம்பைப் பொறிகளால் எளிதில் உறிஞ்ச முடியவில்லை. மீனவர், மாணவர், தன்னார்வலர், அரசுப் பணியாளர் எனப் பெருந்திரளானோர் வரிசையாக நின்று வாளிகளால் அள்ளிக் கைமாற்றிக் கரையேற்றினர். அவ்வரிசை உளவியல் நோக்கில் ஆழ்ந்து எண்ணத்தக்கது. ஒவ்வொருவருக்கும் ஓரிடம், ஒவ்வொரு வாளிக்கும் ஒரு கை, நிற்பவர் விலகினால் உடனே தெரியும் இடைவெளி என்னும் அவ்வமைப்பில் பொறுப்பு சிதற இடமே இல்லை. கூட்டம் தயங்கும் என்ற விதியும் கூட்டம் உதவும் என்ற விதியும் ஒழுங்கு என்னும் ஒரு கூற்றால் பிரிகின்றன.

அகக்குழுவும் புறக்குழுவும்

உறவு ஒருவரை மற்றவரோடு பிணைக்கும்போதே, பிணைப்புக்கு வெளியே நிற்போரையும் வரையறுத்துவிடுகிறது. நம்மவர் என்று கருதப்படுவோர் அகக்குழு. அயலார் என்று கருதப்படுவோர் புறக்குழு. இக்கோடு எத்துணை எளிதில் வரையப்படுகிறது என்பதை 1970ஐ ஒட்டிப் பிரித்தானியாவின் பிரிசுட்டல் நகரில் என்றி தாச்சுபெல் காட்டினார். புள்ளிகளை எண்ணிய விதம், ஓவியங்களுள் விரும்பிய வகை என்னும் பொருளற்ற வேறுபாடுகளைக் கொண்டு பள்ளிச் சிறுவர் பிரிக்கப்பட்டனர். முகமறியாத தம் குழுவினர்க்கே அவர்கள் மிகுதியாகப் பணம் பகுத்தனர். தம் குழு பெறும் தொகை குறைந்தாலும் அயற்குழுவைவிட முந்தி நிற்றலையே பல நேரங்களில் தேர்ந்தனர்.

இக்கோடே உதவியின் எல்லையாகவும் அமைகிறது. 2005இல் வெளிவந்த மார்க்கு இலெவின் குழுவினரின் ஆய்வில், ஓடிவந்து விழுந்து காலைப் பிடித்துக்கொண்ட ஒருவர் தம் விருப்பக் காற்பந்து அணியின் சட்டையை அணிந்திருந்தால் அவ்வணியின் அன்பர்கள் ஏறத்தாழ அனைவரும் உதவினர்; எதிரணிச் சட்டை என்றால் சிலரே உதவினர். அடுத்த கட்டத்தில், காற்பந்தை விரும்புவோர் யாவரும் ஒரே குடும்பம் என்னும் எண்ணம் முன்கூட்டித் தூண்டப்பட்டதும், எதிரணிச் சட்டைக்காரரும் உதவி பெற்றார். விழுந்த வலியில் மாற்றமில்லை. பார்த்தவர் நெஞ்சில் நம்மவர் என்னும் வட்டம் விரிந்தது.

அவ்வட்டம் சுருங்கும்போது நேர்வதையும் வடசென்னை வரலாறு பதிந்து வைத்துள்ளது. 1918 ஏப்பிரல் 27 அன்று, பெரம்பூர்ப் பகுதியில் பக்கிங்காம், கர்நாடிக்கு ஆலைத் தொழிலாளரைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதி செட்டியார், இராமானுசலு நாயுடு, பி. பி. வாடியா, திரு. வி. கலியாணசுந்தரனார் முதலியோர் அதை வளர்த்தனர். நாட்டின் முதல் ஒழுங்குமுறைத் தொழிற்சங்கம் என்று போற்றப்படும் அதில் பல குலத்தாரும் சமயத்தாரும் தொழிலாளர் என்னும் ஓர் அகக்குழுவாயினர். மூன்றாண்டுகளில் அவ்வட்டம் உடைந்தது. 1921இல் எழுந்த நெடிய வேலைநிறுத்தத்தின்போது ஆதித்திராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர். வறுமையும், பிறரால் ஒதுக்கப்பட்ட பழம்பட்டறிவும், ஆளும் தரப்பின் ஊக்குவிப்பும் அம்முடிவில் கலந்திருந்தன. சூன் இறுதியில் புளியந்தோப்பில் அவர்களது குடிசைகள் எரிக்கப்பட்டன; தாக்குதலும் எதிர்த்தாக்குதலும் பல திங்கள் தொடர்ந்தன; காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டிலும் உயிர்கள் மாண்டன. ஒரே தறிக்கூடத்தில் தோளோடு தோள் நின்றோர் பகைவராயினர். உள்ளங்களில் கொடுமை புதிதாகப் புகுந்ததாகக் கொள்வது இதற்கு விளக்கமாகாது. தொழில் வரைந்த கோட்டினும் பழைய குலக்கோடு ஆழமாக இருந்தது; வறுமையும் அச்சமும் வந்த வேளையில் ஆழமான கோடே மேலெழுந்தது. தம் குழுவுக்காகத் துன்பம் ஏற்கும் ஈகமும், அயற்குழுவைத் தாக்கும் சினமும் ஒரே பற்றிலிருந்து எழுந்தமையை இங்கு காண்கிறோம்.

வன்முறையின் ஏதுக்கள்

விரும்பிய இலக்கை நோக்கிச் செல்லும் வழி அடைபடும்போது தாக்கும் உந்துதல் எழுகிறது என்று 1939இல் சான் தொல்லார்டு உள்ளிட்ட ஏல் பல்கலைக்கழக ஆய்வாளர் கூறினர். தடை ஒவ்வொன்றும் தாக்குதலாக முடிவதில்லை என்றும், தடை விளைக்கும் கசப்புணர்வே தாக்குதலுக்கு வாயில் என்றும் இலியோனார்டு பெர்க்கோவிட்சு பின்னர் அதைத் திருத்தினார். இதனைத் தடையுறு சினம் எனலாம். 1970களில் தமிழகக் கரையோரத்தில் விசைப்படகுகள் பெருகி, கட்டுமரத்தார் வலைவிரிக்கும் அண்மைக் கடலிலேயே மடிவலை இழுத்து, அவர்களின் வலைகளையும் அறுத்தபோது, படகு எரிப்பும் கைகலப்பும் உயிரிழப்பும் நேர்ந்தன. இருசாராரும் மீனவரே, இடைநின்றது மீனும் இடமும். 1983இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரையுள்ள பகுதியை மரபுவழி மீனவர்க்கு ஒதுக்கியது. அறவுரை தணிக்காத சினத்தைத் தணிக்க எல்லைக்கோடு ஒன்று வேண்டியிருந்தது; அக்கோடு மீறப்படும் இடங்களில் சினம் மீண்டும் மூள்வதும் அதே விதியை உறுதி செய்கிறது.

இத்தகைய ஒழுங்கைச் சட்டம் வருமுன்னரே மக்கள் தாமே கண்டிருந்தனர். எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரியில் வழங்கும் பாடு முறை அதற்குச் சான்று. மீன் மிகுந்த இடங்களும் குறைந்த இடங்களும் உள்ள நீர்ப்பரப்பில், எந்தத் தலைக்கட்டு எந்த நாளில் எங்கே வலை கட்டும் என்பதைச் சுழற்சியாலும் சீட்டாலும் வகுப்பது அது. இன்று வளமற்ற இடம் பெற்றவர்க்கு நாளை வளமுள்ள இடம் உறுதி. தடை நிலையானது என்னும் எண்ணமே கசப்பை விளைப்பதால், தடையைச் சுழலச் செய்தல் கசப்பின் வேரை அறுக்கிறது. வலிமையுடையார் வென்று கொள்ளும் நிலையைத் தவிர்த்து, வகுத்த முறையே யாவரையும் ஆளும் நிலையை இவ்வூர்கள் உருவாக்கின. பாடு உரிமை எட்டாத பிற குலத்தாரோடு அங்கும் பூசல் எழுந்ததுண்டு. ஒழுங்கின் பயன் அதன் வட்டத்துக்குள் இருப்போர்க்கே கிட்டும் என்பதற்கு அதுவும் சான்றாகும்.

வன்முறை கற்றும் கொள்ளப்படுகிறது. பெரியவர் ஒருவர் பொம்மையை அடித்து உதைப்பதைக் கண்ட சிறுவர், அதே சொல்லும் அதே அடியுமாகப் பின்பற்றியதை 1961இல் ஆல்பர்ட்டு பண்டூரா காட்டினார். இவ்விடத்தில் வடசென்னையின் குத்துச்சண்டை மரபு எண்ணத்தக்கது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்னும் பரம்பரைகளால் புகழ்பெற்ற இவ்விளையாட்டு, உள்ளே தேங்கிய சினத்தை வடிப்பதால் இளைஞரைத் திருத்துகிறது என்று பலர் கருதுவர். 2002இல் பிராட்டு புச்மேன் செய்த ஆய்வு அக்கருத்தைத் தாங்கவில்லை. தம்மைச் சினமூட்டியவரை எண்ணிக்கொண்டே குத்துமூட்டையைக் குத்தியோர், வாளா அமர்ந்திருந்தோரினும் மிகுந்த சினத்தோடு வெளிவந்தனர். எனவே அம்மரபின் நன்மைக்கு வேறிடத்தில் வேர் தேட வேண்டும். விடியலில் எழும் கட்டொழுங்கு, ஆசான் சொல்லுக்கு அடங்குதல், மணியோசையில் கைநிறுத்துதல், வீழ்ந்தவனை அடியாமை, ஆட்டம் முடிந்தபின் எதிராளியைத் தழுவுதல் என அங்கே கற்பிக்கப்படுவன யாவும் தாக்கும் ஆற்றலின்மேல் செலுத்தப்படும் கட்டுப்பாடுகள்.

இனி, தாக்குவோர் யார் என்று சுட்ட இயலாத வன்முறையும் உண்டு. மாந்தர் அடையக்கூடிய நலத்தை அடையவிடாமல் தடுக்கும் குமுக ஏற்பாட்டை 1969இல் யோகான் கால்துங்கு கட்டமைப்பு வன்முறை என்று வகைப்படுத்தினார். அனல்மின் சாம்பல் படிந்த கொற்றலையாற்றுக் கழிமுகம், மிக்சாம் புயலின்போது 2023 திசம்பரில் மணலிப் பகுதியிலிருந்து நீரோடு வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்த எண்ணெய், அதனால் வலையும் படகும் கறுத்து வேலையிழந்த குடும்பங்கள் ஆகியவற்றில் ஓங்கிய கை எதுவும் தெரிவதில்லை. ஆயினும் உடலும் வாழ்வும் காயமுறுகின்றன. தெருவில் ஓங்கும் கத்தியை மட்டும் வன்முறை என்று எண்ணி, காற்றிலும் நீரிலும் கலப்பதை எண்ணாமல் விடும் கணக்கு அறிவியலுக்கு ஏற்றதன்று.

வட்டத்தை விரிக்கும் முறை

பகைத்த குழுக்களை அருகருகே அமர்த்துவதால் மட்டும் பகை நீங்காது. 1954இல் ஓக்லகாமா மாநிலத்து முகாம் ஒன்றில் 22 சிறுவரை இரு குழுவாக்கிப் போட்டிகளால் பகைமூட்டிய முசாபர் செரிபு, அவர்களை ஒரே கூடத்தில் உண்ணச் செய்தபோது அச்சிறுவர் உணவையே ஒருவர்மேலொருவர் எறிந்தனர். தண்ணீர் வரத்து அடைபட்டு, இரு குழுவும் கூடினால்தான் சீராகும் என்ற நிலை வந்ததும் பகை தளர்ந்தது. தனித்தனியே எய்த இயலாததும் யாவரும் வேண்டுவதுமாகிய இத்தகைய இலக்கைப் பேரிலக்கு எனலாம். அதே ஆண்டில் கார்டன் ஆல்போர்ட்டு, தொடர்பு நன்மை தருவதற்கு நான்கு நிலைகள் வேண்டும் என்றார்: நிகரான தகுதி, பொது இலக்கு, கூட்டுழைப்பு, சட்டமும் நிறுவனமும் தரும் அரண். 1918இன் சங்கத்தில் பொது இலக்கும் கூட்டுழைப்பும் இருந்தன; குலங்களிடையே நிகரான தகுதி உருவாகவில்லை; நிறுவனத்தின் அரணும் இல்லை. அதன் முறிவை ஆல்போர்ட்டின் அளவுகோல் தெளிவாக விளக்குகிறது.

இந்திய நகர்களை ஒப்பிட்டு 2002இல் அசுதோசு வார்சினே கண்ட முடிவும் இதற்கு அரணாகும். வெவ்வேறு சமயத்தார் தெருவில் நலம் உசாவிக்கொள்ளும் நாள்தொடர்பைவிட, வணிகக் கழகம், தொழிற்சங்கம், படிப்பகம் போன்ற அமைப்புகளில் கலந்திருத்தலே கலவரக் காலத்தில் நகரைக் காக்கிறது என்றார் அவர். பழைய துறைமுக ஊர்களை ஆய்ந்த சௌமித்திரா சா, கடல்வணிகத்தால் இந்துக்களும் முசுலிம்களும் ஒருவர்க்கொருவர் இன்றியமையாதவராக விளங்கிய ஊர்களில், அவ்வணிகம் மங்கிய பின்னும் சமயக் கலவரங்கள் குறைவாக இருந்ததை 2013இல் காட்டினார். ஒருவர் திறனை மற்றவர் வேண்டி நிற்கும்படி அமைந்த தொழில், தான் மறைந்த பின்னரும் தன் பண்பை ஊரில் விட்டுச் செல்கிறது.

சட்டமும் இப்பணியில் கைகொடுத்துள்ளது. சாலையில் வீழ்ந்தவரை மருத்துவமனை சேர்த்தால் வழக்கில் சிக்க நேரும் என்னும் அச்சம் ஐந்தாம் படியில் பலரை நிறுத்தியது. உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு 2016 மார்ச்சில் உச்சநீதிமன்றம் சட்ட வலிமை அளித்தது. 2019ஆம் ஆண்டின் ஊர்திச் சட்டத் திருத்தம் அக்காப்பைச் சட்டத்திலேயே பொறித்தது. உதவியவர் தம் பெயரைச் சொல்லவும் கட்டாயமில்லை.

இதுவரை கண்டவற்றைத் தொகுத்தால் மூன்று நெறிகள் பெறப்படும். உதவியும் வன்முறையும் இருவேறு மாந்தரினத்தின் குணங்களல்ல. ஒரே உள்ளம் வட்டம் விரிந்தபோது உதவுகிறது, சுருங்கியபோது தாக்குகிறது. நல்லெண்ணம் செயலாவதற்குப் பொறுப்பு பெயர் குறித்துப் பகுக்கப்பட்டிருத்தல் வேண்டும். வளமும் உரிமையும் முறையாகப் பகிரப்படாத இடத்தில் வட்டம் சுருங்கியே தீரும்.

இந்நெறிகள் வடசென்னைக்குச் சொல்லும் பணிகளும் தெளிவானவை. ஆலை சூழ்ந்த ஒவ்வொரு குப்பத்திலும், நெடி எழுந்தால் சங்கொலி எழுப்புபவர் யார், முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்பவர் யார், எவ்வழியே செல்வது என்பன முன்கூட்டியே வகுக்கப்பட்டுப் பழகப்பட வேண்டும். சாலையில் உதவுவோருக்கான காப்பு ஒவ்வொரு சுமையுந்து ஓட்டுநருக்கும் கடைக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சங்கங்களிலும் விளையாட்டுக் கழகங்களிலும் எல்லாக் குலத்தாரும் சமயத்தாரும் நிகராக அமர வேண்டும். கழிமுகமும் காற்றும் மீட்கப்பட வேண்டும். அவை மீளாத வரை, தடையுற்ற வாழ்வின் கசப்புக்கு மக்களைக் குற்றம் சொல்ல எவர்க்கும் தகுதியில்லை. வெள்ளத்தில் படகைச் செலுத்தவும், எண்ணெயை வாளியில் அள்ளவும், ஏரியைச் சுழற்சியில் பகிரவும் அறிந்த இக்கடற்கரைக்கு நற்பண்பை வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து தர வேண்டியதில்லை. அப்பண்பு நாள்தோறும் செயற்படுவதற்கான ஒழுங்கை அரசும் ஆலைகளும் ஊரும் சேர்ந்து அமைத்தல் கடன்.